வயலுக்கு இறங்க முன் சீனியையும் பாருங்கள்



பெரும்போக மழை தொடங்கினால் விசுவமடுவில் பாதி ஊர் வயலில்தான் நிற்கும். வகுப்பில் எங்களுக்கு வரும் செய்திகளும் மாறும். "அப்பாவுக்குக் காய்ச்சல் சேர்", "அம்மம்மாவுக்குக் கால் புண் ஆறேல்லை சேர்". விசாரித்தால் பல வீடுகளில் அந்த ஆளுக்குச் சீனி வருத்தமும் இருக்கும். இரண்டையும் வேறு வேறாகப் பார்ப்பது பிழை என்பதே எங்கள் கருத்து.

சீனி என்றால் தேத்தண்ணியும் சோறும் குறைப்பது என்றுதான் கதைக்கிறோம். ஆனால் இரத்தத்தில் சீனி கூடி நின்றால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும். நரம்பு மரத்தால் முள் ஏறியதே தெரியாது. இரத்தவோட்டம் குறைந்தால் புண் ஆறாது. காய்ச்சல் வந்தால் சீனி இன்னும் ஏறும். காசநோய் வரும் வாய்ப்புக்கூட இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலை எல்லோரும் அறிவோம். அதே சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியைப் பலர் அறியார். விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு வைத்தியர்கள் 1912 இல் ரங்கூனிலிருந்து இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். இலங்கை மண்ணிலும் அது உண்டு. தோலில் உள்ள கீறலாலும் மூச்சாலும் உள்ளே போகும். சீனி உள்ளவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். வெறும் காய்ச்சல் போல, நியூமோனியா போல, சீழ்க்கட்டி போல வரும். வழமையான மருந்து பல இதற்குக் கேளாது. குறைந்தது பத்து நாளாவது ஊசி, பிறகு மூன்று மாதமளவு குளிசை வேண்டும். பிந்தினால் உயிராபத்து.

ஆகவே, காய்ச்சலோடு ஆசுப்பத்திரிக்குப் போனால் கேட்கும்வரை இருக்காமல் "எனக்குச் சீனி இருக்கு, வயலில் நின்றனான்" என்று சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியர் தீர்மானிக்க அந்த இரண்டு வசனமும் உதவும். சாப்பிட மனமில்லை என்று சீனிக் குளிசையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். இறங்குபவர்கள் பூட்ஸ் போடுங்கள். வயலால் வந்து கால் கழுவுகிறவர்களும், எங்களைப்போல் தொழுகைக்கு ஒளூச் செய்கிறவர்களும் விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலையும் ஒருக்காப் பாருங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் கமக்காரர் தலையில் போடுவது நியாயமில்லை. கிளினிக் நாள் என்றால் கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சல் குளிசை கொடுக்கும் இடத்திலேயே விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கலாம். சில நிமிட வேலை. தனக்குச் சீனி இருப்பதே தெரியாமல் சேற்றில் இறங்குகிறவர் அங்கேயே தெரிந்துகொள்வார்.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் உரமும் விதைநெல்லும் கதைத்து முடிய, இதையும் கேளுங்கள். கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம்.