உதைபந்து சோறு போடுமா?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இலுப்பைக்கடவையைக் கடந்து வடக்கே சென்றால் வெள்ளாங்குளம் வருகிறது. அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் அவ்வழியே சென்ற நாம், சாலையோரத்து வெளியொன்றிலே பத்துப் பன்னிரண்டு சிறுமியர் வெறுங்காலுடன் பந்துதைத்து விளையாடுவதைக் கண்டு சற்று நின்றோம். பந்தோ பழையது; கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு தடிகள் நட்டிருந்தன. ஆயினும் ஆட்டத்திலே குறையொன்றும் இல்லை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கடற்றொழிலாளர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, அந்த நீலச் சட்டை என்ர மகள். நல்லா விளையாடுறாள் எண்டு ரீச்சர்மார் சொல்லுகினம். ஆனா இந்தப் பந்து அவளுக்குச் சோறு போடுமோ?" என்று கேட்டார்.

சட்டென்று விடை கூற நமக்கு இயலவில்லை. 2008இல் போரின் காரணமாக வீடு வாசலை விட்டுப் பெயர்ந்து, பின்னர் மீண்டுவந்து குடியமர்ந்த மக்கள் வாழும் கரை இது. இங்குள்ள ஒரு தந்தை மகளின் எதிர்காலத்தைக் குறித்துக் கேட்கும் கேள்வியைப் பொழுதுபோக்குப் பேச்சாகக் கருதுதல் தகாது. ஆகவே, அவருக்குரிய மறுமொழியை இவ்வாரம் இப்பக்கத்திலே எழுத முற்பட்டோம்.

முதலில், "பெண்ணுக்கு உதைபந்து எதற்கு?" என்று கேட்போருக்கு ஒரு சொல். பெண்கள் பந்தாடுவது புதுமையன்று. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரிலிருந்த டிக் கேர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் அணி அமைத்தனர். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது எனக் கூறி, ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க அரை நூற்றாண்டு சென்றது. 1971இலேதான் மைதானங்கள் மீண்டும் திறந்தன. அவ்வணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரி லிலி பார் மருத்துவமனைத் தாதியாகப் பணிபுரிந்தே வாழ்ந்தார். 1978இல் அவர் காலமாகி இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2002இல், இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதற் பெண் என்னும் சிறப்பு அவரை வந்தடைந்தது. ஆற்றல் இல்லாமையால் அன்று, ஆட இடம் இல்லாமையால் பெண்கள் பின்தங்கினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, சோற்றுக்கு வருவோம். நமக்கு அண்மையிலுள்ள இருவரின் கதையைக் கேளுங்கள்.

மணிப்பூர் மாநிலத்தில் 1990இல் பிறந்தவர் பாலா தேவி. இந்திய அணிக்காக ஆடிப் பல கோல்களைக் குவித்த இவரை, 2020 ஜனவரியில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகம் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொண்டது. ஐரோப்பியக் கழகமொன்றில் தொழில்முறை ஆட்டக்காரியாக ஒப்பமிட்ட முதல் இந்தியப் பெண் இவரே. குளிரும் புதிது, உணவும் புதிது. போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே கொரோனா நோய் பரவி ஆட்டங்கள் யாவும் நின்றுபோயின. ஆயினும் பொறுத்திருந்தார், அவ்வாண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கெதிராகத் தம் முதற் கோலை அடித்தார். பின்னர் முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரை நெடுநாள் களத்துக்கு வெளியே இருத்தியது. அதனையும் வென்று, 2024இல் காத்மாண்டுவில் நிகழ்ந்த தெற்காசியப் போட்டியில் மீண்டும் இந்தியச் சட்டை அணிந்து ஆடினார்.

இக்கதையில் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. பாலா தேவி மணிப்பூர்ப் பொலிஸ் துறையில் உத்தியோகம் பெற்றவர். ஒப்பந்தம் பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும். முழங்கால் ஒரு நொடியிலே முறுகிவிடும். உத்தியோகமோ நிலைத்து நிற்கும்.

மற்றவர் தமிழ்ப் பெண். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். நடுக்களத்திலே நின்று ஆட்டத்தை நடத்திச் செல்பவர். 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும், அதே ஆண்டு இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் வாகை சூடிய மதுரை சேது கழகத்திலும் ஆடினார். இவர் தமிழ்நாட்டுப் பொலிஸில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்கின்போது, ஆட்டக்காரர் பலரும் வீட்டில் அடைந்திருந்த வேளையில், சென்னைத் தெருக்களிலே காவற் கடமையில் நின்றார். பந்தின் வழியே புகழ் வந்தது. புகழின் வழியே உத்தியோகம் வந்தது. உத்தியோகம் மீண்டும் பந்தாட வழி செய்தது.

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். பெண்கள் முழுநேரத் தொழிலாக ஆடிப் பிழைக்கத்தக்க சுற்றுப்போட்டி இலங்கையில் இன்னும் அமையவில்லை. தேசிய அணியில் ஆடும் பெண்களிற் பலர் முப்படைகளில் சேவை செய்பவர்கள். அவர்களுடைய ஊதியம் அங்கிருந்தே வருகிறது. போதாக்குறைக்கு, 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனமான ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டு மாதம் வரை நம் அணிகள் சர்வதேச ஆட்டங்களில் இறங்க இயலவில்லை. நிருவாகத்தார் செய்த பிழைக்குத் தண்டனை பெற்றவர்கள், ஒரு பிழையும் அறியாத ஆட்டக்காரர்கள். பெண்ணின் ஆட்டக் காலம் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அதிலே ஏழு மாதம் சிறிதன்று.

ஆயினும் உலகம் மாறிவருகிறது. 1991இல் சீனாவில் முதன்முதலாகப் பெண்களின் உலகக் கிண்ணம் நடைபெற்றது. 2021 ஜனவரி முதல், தொழில்முறை ஆட்டக்காரிக்குக் குறைந்தது பதினான்கு வாரப் பேறுகால விடுமுறையும், அக்காலத்தில் ஊதியத்தின் மூன்றில் இரண்டு பங்கும் அளிக்கப்பட வேண்டும் என்று ஃபிஃபா விதி செய்தது. தாய்மை எய்தினால் தொழில் போய்விடும் என்னும் அச்சத்துக்கு இது ஓரளவு மருந்து. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்து அணியை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றனர். கடலுக்கு அப்பால் உள்ள அயல்நாடு செய்வதை நாம் செய்ய இயலாது என்று யார் சொல்லக்கூடும்?

ஆகவே, வெள்ளாங்குளத்துத் தந்தையாரே, நமது மறுமொழி இதுதான். பந்து மட்டும் சோறு போடும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். அவ்வாறு கூறுவது உம்மை ஏமாற்றுவதாகும். ஆனால் பந்தைப் பறித்துவிட்டால் மட்டும் சோறு வந்துவிடுமா? பிள்ளை பள்ளிப் படிப்பைத் தவறவிடாதிருக்கட்டும். சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் நன்கு தேறட்டும். விளையாட்டுச் சான்றிதழ்களை ஒரு கோவையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். முழங்காலில் வலியென்று அவள் கூறினால், "சும்மா கிட" என்று அதட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண்பிள்ளையின் தட்டில் விழும் மீன் துண்டு அவள் தட்டிலும் விழட்டும். ஓடுகிற உடம்புக்கு உணவு வேண்டும். பின்னர் ஆசிரியப் பணியோ, அரச உத்தியோகமோ, பயிற்றுநர் வேலையோ, எதுவாயினும் மைதானத்திலே கற்ற துணிவு அவளுக்குத் துணை நிற்கும்.

பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மன்னார் மாவட்டம் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போனது. அப்பெயரை ஆண்பிள்ளைகள் மட்டும் தாங்க வேண்டுமென்பதில்லை. கிழமையில் இரண்டு மாலை மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். நல்ல பந்து ஒன்றும், காலுக்குச் சப்பாத்தும் கொடுங்கள். பெரிய செலவு அன்று.

நாம் புறப்படும் வேளையில் இருள் சூழ்ந்துவிட்டது. அத்தந்தையார் மகளைக் கூப்பிடவில்லை. "இன்னும் கொஞ்சநேரம் விளையாடட்டும்" என்று சொல்லி, சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நாம் எழுதிய இத்தனைக்கும் மேலான மறுமொழியை அவரே தமக்குக் கூறிக்கொண்டார் என்று எண்ணுகிறோம்.