மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து வரட்டும், அதுவரை கீமோவை நிறுத்தாதீர்கள்



"மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் தடுத்தால் நுரையீரல் புற்றுநோய் போய்விடும்" என்றொரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. படித்துவிட்டு ஆரணியிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "மாமா, அப்பாவுக்குக் கீமோவை நிறுத்திட்டு அந்த மருந்துக்குக் காத்திருக்கலாமா?" கூடாதம்மா. அதை எல்லோருக்கும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விஷயம் பொய்யில்லை. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டார்கள். 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்குத் தறி தெரியும், தறியை வைத்தே சொல்கிறேன். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால்தான் இழை தூக்கும், புட்டா விழும். ஓட்டையை ஒட்டி மூடிவிட்டால் அட்டை கெடாது, ஆனால் புட்டா வராது. மைக்ரோ ஆர்.என்.ஏ அப்படி ஒட்டுகிற துண்டு. நீளம் சுமார் 22 எழுத்து. உடம்புக்கு அது தேவைதான். ஆனால் நுரையீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் மிர்-21 என்பது அளவுக்கு மீறிப் பெருகி, "போதும், வளராதே" என்னும் மரபணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. அதன்மேல் எதிர்த்துண்டு ஒன்றை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்வதே இந்த வைத்தியம். 2010-இல் வெளியான ஆய்வில், மிர்-21 இல்லாத எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் குறைவாகவே வந்தன.

எலிகளுக்கு! மனிதர் கதை வேறு. மிர்-34 என்ற இன்னொன்றைத் தடுக்காமல், கூடுதலாக உடம்பில் ஏற்றிப் பார்த்த சோதனையை 2016-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. நோய் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகி உயிரிழப்பும் நேர்ந்தது. ஒரே துண்டு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது, ஒன்றைத் தடுத்தால் எது எது அவிழும் என்பது சிக்கல். மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இழுத்துக்கொள்கின்றன, கட்டிக்குப் போய்ச் சேர்வது சொற்பம். நுரையீரல் புற்றுக்கு இவ்வகை மருந்து எதுவும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

ஆனால் இன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டித் துணுக்கில் இ.ஜி.எஃப்.ஆர் மரபணுச் சோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை பலன் தரும். பீடியே தொடாத நம் பெண்களிடமும் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது.

இன்னொரு கவலை, தாமதம். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் என்றால் இங்கே "டி.பி.யாக இருக்கும்" என்று சொல்லி மாதங்கள் ஓடிவிடுகின்றன. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாமல், மாத்திரைக்கும் குறையவில்லையென்றால், சி.டி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்த பெரியம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது, வந்தவாசியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் சும்மாதான் இருக்கிறேன்.