கண்ணாடி போட்டும் தெரியாத மீன்



இந்த மாதச் சுவர் இதழுக்கு "அறிவியல் வரமா, சாபமா?" என்று எழுதித் தரச் சொன்னார் தமிழ் ஐயா. அதை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எழுதி, கடைசியில் "இரண்டும்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதற்குப் பதிலாக ஒரே ஒரு டி.வி. பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐயா மன்னிக்கவும்.

போன மே மாத லீவில் எங்கள் வீட்டு டி.வி.யில் மேலிருந்து கீழே ஒரு கோடு விழுந்தது. பத்து நாளில் அது ஏழு கோடு ஆகிவிட்டது. "செயில் கம்பிக்குப் பின்னாடி நின்னுல்ல செய்தி வாசிக்கிறாக!" என்று அப்பத்தா சொன்ன அன்றைக்கே அப்பா புது டி.வி. வாங்க முடிவு செய்தார். நானும், ஆறாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சியும் வண்டியில் தொற்றிக்கொண்டோம். செக்காலை ரோட்டில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கடை இருக்கிறது. புதுசும் விற்பார்கள், பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துச் சரிபண்ணியும் விற்பார்கள்.

அப்பா விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது கடைக்கார அண்ணன் எங்களைப் பார்த்து, "தம்பி, பாப்பா, ஒரு அதிசயம் காட்டவா?" என்றார். கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே சுவரில் சாய்த்து வைத்த பெரிய டி.வி. ஒன்று. ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்ததாம். மலேசியாவில் இருக்கும் அந்த வீட்டுக்காரர்கள் 2011இல் அங்கிருந்து கொண்டுவந்தது. நம்ம ஊர்ப் பெரிய வீடுகளைப் பற்றித்தான் தெரியுமே! பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். அதனால் பெட்டியில் ஒரு கீறல் இல்லை. "இது த்ரீ டி டி.வி. இப்ப எந்தக் கம்பெனியும் இதைப் போடறதில்லை" என்றார் அண்ணன்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. த்ரீ டி சினிமா எனக்குத் தெரியும். 2018இல் 2.0 படத்தைக் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். த்ரீ டியில் டி.வி. வந்தது எனக்குத் தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். 2009 டிசம்பரில் அவதார் படம் வந்து உலகம் முழுக்க ஓடு ஓடு என்று ஓடியதும், "இதையே வீட்டுக்குள் கொண்டுவருவோம்" என்று 2010இல் சாம்சங், எல்.ஜி., சோனி, பானாசோனிக் எல்லாரும் களத்தில் குதித்திருக்கிறார்கள். அந்த வருஷம் தென் ஆப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் சில ஆட்டங்களை த்ரீ டியில் படம் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். இதற்கென்றே தனிச் சேனல் தொடங்கி, 2013இல் மூடியும் விட்டது. 2016இல் சாம்சங் கைவிட்டது. 2017இல் எல்.ஜி.யும் சோனியும் கைவிட்டன. நாம் தொடக்கப் பள்ளியில் பல்பம் உடைத்துக்கொண்டிருந்தபோதே இதன் கதை முடிந்துவிட்டது!

சரி, கடைக்கு வருகிறேன். பெட்டியோடு வந்த கண்ணாடிகள் இரண்டே இரண்டு. கறுப்பாக, தடியாக, வெல்டிங் பட்டறைக் கண்ணாடி மாதிரி இருந்தன. வாட்ச் கடையில் விற்கும் பட்டன் பேட்டரிதான் அதற்கும். கண்ணாடிக்கு எதற்கடா பேட்டரி என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். டி.வி. வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம் என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கண்ணாடியும் அதே தாளத்தில் ஒவ்வொரு கண்ணையும் நொடிக்கு 50, 60 தடவை மூடித் திறக்கிறது. போட்டவுடன் எனக்குப் பெட்டியில் ஒன்றும் தெரியவில்லை. மேலே எரிந்த ட்யூப் லைட்தான் படபடவென்று துடித்தது. அந்தப் பழைய ட்யூப் லைட் தானும் நொடிக்கு 100 தடவை துடிக்குமாம், இரண்டு தாளமும் ஒத்துப்போகவில்லை. "டேய், லைட்டை அமத்துடா" என்று அண்ணன் கத்தினார். லைட் போனது. பென் டிரைவில் இருந்த மீன் தொட்டிப் படம் ஓடியது.

நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன், நான் தலையைக் குனிந்தேன்! மஞ்சள் மீன் ஒன்று நேராக என் மூக்கைப் பார்த்து வந்தது. கையை நீட்டிப் பிடிக்கப் போனேன், காற்றுதான் இருந்தது. கடைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் முன்னால் வந்த மீனைவிட எனக்குப் பிடித்தது உள்ளே போன தண்ணீர்தான். டி.வி. நாலு விரல் கனம். அதற்குள் எங்கள் வீட்டுக் கிணறு அளவு ஆழம் தெரிந்தது. பாறைக்குப் பின்னால் ஒரு மீன், அதற்கும் பின்னால் ஒரு மீன். பெட்டியின் ஓரத்துக்கு வந்த மீன் மட்டும் பாதியில் வெட்டுப்பட்டு வாலில்லாமல் போனது. அப்போதுதான் "ஓ, இது டி.வி.டா" என்று நினைவு வந்தது.

அண்ணன் அடுத்து ஒரு பட்டனை அமுக்கி, "சாதாப் படத்தையும் இது த்ரீ டி ஆக்கும்" என்று சிராவயல் மஞ்சுவிரட்டு வீடியோ ஒன்றைப் போட்டார். அது சரிப்படவில்லை. மாடு தனி அட்டை, ஆள் தனி அட்டை, கூட்டம் தனி அட்டை என்று தோல்பாவைக்கூத்து மாதிரி இருந்தது. மாட்டுக்கு வயிறே இல்லை!

இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டை விரலை முகத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் தாவுகிறதா? நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணும் இரண்டு வேறு படம் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழம் செய்துகொள்கிறது. 1838லேயே இங்கிலாந்தில் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்துக் கண்ணாடி வைத்த ஒரு கருவியும் செய்துவிட்டார். நம்ம முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் மரத்தில் செய்த பைனாகுலர் மாதிரி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் ஒரே படம் இரண்டு தடவை ஒட்டிய அட்டையைச் செருக வேண்டும். பிரிண்டிங் மிஸ்டேக் என்று அப்போது நினைத்தேன். இரண்டு படமும் கொஞ்சம் வேறாம். வீட்ஸ்டன் சொன்ன அதே விஷயம்தான்!

இப்போதுதான் நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். (இதை என் தங்கச்சியிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். இரண்டு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன்.)

என் கண்ணாடியைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தாள். மீன் மூக்குக்கு வரும் இடம் வந்தது. அவள் அசையவே இல்லை. "வருதா?" என்றேன். "என்ன வரணும்? சாதா டி.வி. மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் இருட்டா இருக்கு" என்றாள். அண்ணன் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அப்பா போட்டிருந்த இன்னொரு கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டார். "இப்ப?" "இல்லையே." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். "சும்மா நடிக்கிறா அண்ணே, எல்லாத்துலயும் இவ இப்படித்தான்" என்று சொன்னதே நான்தான். அவள் எங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து, "ஆமா ஆமா, இப்ப வருது" என்றாள். மீன் இல்லாத பக்கம் கையை நீட்டினாள்.

அந்தக் கை நீட்டல் எனக்கு உறுத்தியது. ஆனாலும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் அந்தப் பெட்டியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு ஆசை. சின்ன வயதில் மை டியர் குட்டிச்சாத்தான் பார்த்தவர் அவர். 1984இல் வந்த அதுதான் இந்தியாவின் முதல் த்ரீ டி படம். தியேட்டரே கையை நீட்டியதாம், இன்றைக்கும் சொல்லுவார். நான்தான் வேண்டாம் என்றேன். என் கருத்து இதுதான்: த்ரீ டி தியேட்டருக்குச் சரி, வீட்டுக்குச் சரிப்படாது. தியேட்டரில் லைட் அணைத்திருக்கும், எல்லாருக்கும் கண்ணாடி உண்டு, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து ரெண்டரை மணி நேரம் அதை மட்டும்தான் பார்ப்போம். எங்கள் வீட்டில் அப்படியா? அப்பத்தா பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் சீரியல் பார்ப்பார்கள். தலையைச் சாய்த்தால் த்ரீ டி போச்சு. (நான் கடையிலேயே சாய்த்துப் பார்த்துவிட்டேன்.) அம்மா அடுப்படிக்கும் டி.வி.க்கும் நடந்துகொண்டே பார்ப்பார்கள். அப்பத்தாவுக்கு ஏற்கெனவே ஒரு கண்ணாடி, அதற்கு மேல் இதை எப்படி மாட்டுவது? வீட்டில் ஐந்து பேர், கண்ணாடி இரண்டு. கண்ணாடி இல்லாத மூன்று பேருக்கு எல்லாமே இரண்டு இரண்டாக மங்கித் தெரியும். கம்பெனிக்காரர்கள் கடையில் ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பவனை மனதில் வைத்துச் செய்துவிட்டார்கள், வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கும் அப்பத்தாவை யாரும் நினைக்கவில்லை என்பது என் எண்ணம். அப்பா யோசித்தார். சாதா எல்.இ.டி. டி.வி.யோடு வீட்டுக்கு வந்தோம்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, பொய் சொன்னேன். எனக்கு மீன் வரவே இல்லை."

பள்ளி திறந்ததும் இயற்பியல் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கச் சொல்லு" என்றார்கள். வீட்டில் தினசரி காலண்டரில் தேதி எவ்வளவு பெரிசாகப் போட்டிருக்கும்! அதைச் சுவரில் மாட்டி, தங்கச்சியை எதிர்ச் சுவரில் நிறுத்தினேன். இடது கண்ணை அட்டையால் மூடியதும் தேதி, கிழமை, ராகு காலம் வரைக்கும் படித்தாள். வலது கண்ணை மூடினேன். "ஏதோ சிவப்பா இருக்கு" என்றாள். அது ஞாயிற்றுக்கிழமை.

மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஆம்ப்ளியோபியா என்று எழுதினார் டாக்டர். தமிழில் சோம்பல் கண் என்று சொல்வார்களாம். ஒரு கண்ணின் படம் சின்ன வயதிலிருந்தே தெளிவில்லாமல் போனால், மூளை அந்தக் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு நல்ல கண்ணை வைத்தே பிழைத்துக்கொள்ளும். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்காவது இருக்குமாம். நல்ல கண் ஒன்று இருப்பதால் பிள்ளைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. இரண்டு படம் சேர்ந்தால்தானே மீன் வெளியே வரும்? அவளிடம் ஒரு படம்தான் இருந்தது. ஐந்தாறு வயதில் தெரிந்திருந்தால் சுலபம், இப்போதும் முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். பவர் கண்ணாடியும், நல்ல கண்ணுக்குத் தினமும் சில மணி நேரம் மறைப்பும். மறைப்போடு வீட்டுப்பாடம் எழுதுவாள், அழுவாள், எழுதுவாள். மூன்று மாதத்தில் அட்டையில் இரண்டு வரி கூடப் படித்திருக்கிறாள்.

எறிபந்தில் அவள் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் "ஓட்டைக் கை" என்று கத்தியவர்கள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். சொம்பிலிருந்து டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றி அம்மாவிடம் அவள் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

"பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்ததே, அதில் தெரியவில்லையா?" என்று கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். வரிசை நீளமாம். முன்னால் நின்ற பத்துப் பேரும் அதே எழுத்துகளைச் சத்தமாகப் படித்ததில் இவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதாம். கண்ணை மூடியது கையால், விரல் இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்ததாம். தெரியவில்லை என்றால் சிரிப்பார்களே என்று அப்படிச் செய்தாளாம். கடையில் "வருது" என்றாளே, அதே மாதிரி. அதனால் ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த முகாமில் மறைக்க அட்டை கொடுங்கள், ஒருவர் படிப்பது அடுத்தவர் காதில் விழாமல் தனி அறையில் வையுங்கள். செலவு ஒரு பழைய நோட்டு அட்டைதான்.

அதுவரைக்கும் நம்ம கையில் உள்ளதைச் செய்யலாம். இந்தத் தாளின் கீழே பெரிதிலிருந்து சிறிதாக ஐந்து வரி எழுதியிருக்கிறேன். தரையில் பத்தடி தள்ளி சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். ஆணியில் அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் படியுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் வீட்டில் சொல்லுங்கள், இல்லையென்றால் இயற்பியல் மிஸ்ஸிடம் போங்கள், அவர்கள் சிரிக்க மாட்டார்கள். நாலாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகத் தங்கச்சி சொல்கிறாள். இடது கண்ணால் கண்டுபிடித்தாளாம். நேரம் இல்லாததால் திருத்தவில்லை.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்