ஓசோன் கேனும் குளோரின் குழாயும்

சேத்தூர் மாதிரி மலையடிவார ஊர்களிலும் இருபது லிட்டர் கேன் இல்லாத விசேஷ வீடு இப்போது அபூர்வம். கேனில் ‘ஓசோன்’ என்று போட்டிருந்தால் தனி மரியாதை. குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தாலோ முகச்சுளிப்பு. மரியாதை இடம் மாறிப் போகிறது என்பேன்.

ஓசோன் கெட்டிக்கார வாயுதான். மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. (தரையருகே அதையே சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு!) பிரான்சின் நீஸ் நகரம் 1906-லேயே குடிநீரைச் சுத்திகரிக்க அதைப் பயன்படுத்தியது. குளோரினுக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியையும் அது ஒழிக்கும், வாடையையும் போக்கும். ஆனால் சேமித்து வைக்க முடியாது. மின்சாரம் கொண்டு அங்கேயே தயாரிக்க வேண்டும். தண்ணீரில் கலந்தபின் சிறிது நேரத்திலேயே ஆக்சிஜனாகக் கலைந்துவிடும். ஆலையில் ஓசோன் கண்ட கேனைத் திறந்து ஒரு வாரம் வைத்துக் குடிக்கிறோமே, அந்த வாரம் முழுக்கக் காவலுக்கு ஆளில்லை.

குழாய் எங்காவது விரிசல்விட்டுச் சாக்கடை கசிந்தால் அங்கே எதிர்த்து நிற்பது அந்த வாடைக்காரக் குளோரின்தான். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். செப்டம்பர் 16 ஓசோன் தினத்தில் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கட்டும். கூடவே, தெருக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று பேரூராட்சியிடம் கேளுங்கள். கேனை எப்போது கழுவினார்கள் என்று கடைக்காரரிடமும் கேளுங்கள்.