மேகம் புகுந்த காமிரா

போன ஐப்பசியில் போடிநாயக்கனூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, குரங்கணிக்கும் ஒரு நடை போய் வந்தோம். மேலே மலைச்சரிவு; கீழே கையில் சூடான டீ; நம்மைத் தொட்டுப் பேச வருவதுபோல் இறங்கி வரும் மேகம். விடலாமா? என் தம்பி காமிராவிலிருந்த லென்ஸைக் கழற்றி, தூரத்து மலையைக் கிட்டத்தில் காட்டும் இன்னொன்றை மாட்டினான்.

"ஏண்டா, மேகத்தைப் பிடிச்சு உள்ளே வச்சு மூடுறியே, அதுக்குச் சளி பிடிக்காதா?" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. படம் தவறாமல், வானத்தில் அதே மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி! அது கழுகுதான் என்று அத்தை மட்டும் சாதித்தாள்.

பிலிம் காலத்தில் தூசி விழுந்தால், பிலிம் நகரும்போது அதுவும் அநேகமாகப் போய்விடும். டிஜிட்டல் காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் 'சென்சார்' என்ற சில்லு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதன்மேல் ஈரமோ தூசியோ உட்கார்ந்தால், துடைக்கும்வரை எல்லாப் படத்திலும் ஆஜர்!

இதற்கு ஜப்பானின் ரிக்கோ கம்பெனி 2009-ல் ஒரு யுக்தி செய்தது. ஜி.எக்ஸ்.ஆர். என்ற காமிராவில் லென்ஸையும் சென்சாரையும் ஒரே பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். லென்ஸை மாற்ற வேண்டுமா? பெட்டியோடு கழற்றி, வேறு பெட்டியை மாட்ட வேண்டியதுதான். நடுவே தூசி நுழைய வழியில்லை. லென்ஸுக்கு ஏற்ற சென்சாராகவும் பார்த்து வைக்கலாம். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம்!

ஆனால் ஒரு சங்கடம். நல்ல லென்ஸ் ஐம்பது வருஷம்கூட உழைக்கும். சென்சாரோ, அதைவிடக் கெட்டிக்காரச் சென்சார் வந்ததும் சில வருஷங்களிலேயே பழசாகிவிடும். அதற்காக லென்ஸும் உடன்கட்டை ஏற வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்? 2011-ல் அதே கம்பெனி, சென்சாரை மட்டும் வைத்து, லைக்கா லென்ஸ்களை மாட்டிக்கொள்ள வாய் விட்டு ஒரு பெட்டி செய்தது. 2012-க்குப் பின் புதுப் பெட்டிகள் வரவில்லை.

கழற்றிச் சேர்ப்பதில் வல்லவர் ஒருவர் நம்மிடமே இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). யானைகளையும் காட்டெருதுகளையும் படமெடுத்தவர். அவருடைய காமிராவின் உடம்பு ஒரு கம்பெனி. தூர லென்ஸ் வேறு கம்பெனி. மற்றவை அவரே இணைத்தவை. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்! அதைப் பார்த்த வனவிலங்கு நிபுணர் ஈ. பி. ஜீ, எங்கேயோ கம்பியும் சுற்றியிருக்க வேண்டும் என்று கேலி செய்துவிட்டு, வேலை பிரமாதம் என்றும் ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் பீரோவின் அடித்தட்டு ஞாபகம் வந்தது. அங்கே அப்பாவின் பழைய காமிரா. பழைய சாமான்காரரிடம் போடுவதாக இருந்தோம். தம்பி அதன் லென்ஸை மட்டும் கழற்றி, ஓர் இணைப்பு வளையம் வாங்கித் தன் காமிராவில் மாட்டினான். அம்மாவைப் புதுப் பெண்ணாகப் பார்த்த அதே கண்ணாடி, இன்று அவளுடைய பேத்தியைப் பார்த்தது. அம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், சகோதரிகளே. தோல் உறையில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். லென்ஸ் மாற்றும்போது காமிராவின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேகம் வந்தால், அது போகும்வரை பொறுங்கள்.

தம்பியின் காமிராவைக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தாயிற்று. அத்தைக்குத்தான், கழுகைக் காணோமே என்று வருத்தம்!