கோழிக்கு நாம் பட்ட கடன்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் கறிக்கடை முன் நின்று, "ஒன்றரைக் கிலோ, தோல் உரித்து" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டுவது சாந்தோம் பகுதிக் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம். அந்தச் சொல்லில் எடை இருக்கிறது. வெட்டும் விதம் இருக்கிறது. கோழி என்ற பெயர்கூட இல்லை. சற்றுத் தொலைவில் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்மணிக்குத் தன் கூடையில் உள்ள மீன் எந்த வலையில் அகப்பட்டது, எந்த நேரத்தில் கரை சேர்ந்தது என்பது தெரியும். கோழி வாங்குபவருக்கோ அது எங்கே பிறந்தது, எத்தனை நாள் வாழ்ந்தது, எப்படி வாழ்ந்தது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அறியாமையை மன்னிக்கலாம், அறிய விரும்பாமையை மன்னிப்பது அரிது.

புலால் உண்ணாதீர் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. உண்பவர் ஓர் உயிருக்குக் கடன்பட்டவர். அக்கடனை ஒப்புக்கொண்டு உண்ண வேண்டும் என்பதே நம் வாதம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு நம் சிற்றூர் வீடுகளில் இக்கடன் கண்முன்னே நடமாடியது. மாலையில் பஞ்சாரத்தைக் கவிழ்க்கும் தாய்க்கு எந்தப் பெட்டை அடையில் கிடக்கிறது, எந்தக் குஞ்சைப் பருந்து தூக்கிற்று என்பதெல்லாம் அத்துபடி. 21 நாள் அடைகாத்த கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் இறங்குவதை வீடே நின்று பார்த்தது. விருந்தினர் வந்தால் எதைப் பிடிப்பது என்ற பேச்சில் சிறு தயக்கம் இருந்தது. அறுத்த பின் ஈரலும் கழுத்தும் காலும் வீணாகவில்லை. அந்த வாழ்வைப் பொன்னுலகமாக வரைய வேண்டியதில்லை. கீரியும் வெள்ளைக் கழிச்சலும் கோழிகளை வாரிக்கொண்டு போயின. எனினும் கோழி கோழியாகவே வாழ்ந்தது: குப்பையைக் கிளறியது, மண்ணில் புரண்டது, சிறகு விரித்தது. வளர்த்த கையும் அறுத்த கையும் ஒன்றாக இருந்தமையால், உயிர் போனது என்பதை எவரும் மறக்க இயலவில்லை.

இன்றைய நிலை என்ன? பல்லடம் வட்டாரத்துக் கொட்டகைகளில் கறிக்கோழிகள் ஆயிரக்கணக்கில் ஒரே தரையில் வளர்ந்து, ஏறத்தாழ 40 நாட்களில் 2 கிலோ எடையைத் தொடுகின்றன. ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று ஊரார் சொல்வது வதந்தி. உண்மை அதைவிடக் கடுமையானது. ஊசியே தேவைப்படாத வகையில், அந்த வேகம் அதன் மரபிலேயே தேர்ந்து அமைக்கப்பட்டிருக்கிறது. சதை ஏறும் விரைவுக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்க இயலாமல் தவிக்கின்றன. நாமக்கல்லின் முட்டைக்கோழிக்கோ கம்பிக் கூண்டு. பல்லாண்டுகளாகப் பின்பற்றப்பட்ட அளவு ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர். கடிதம் எழுதும் ஏ4 தாளின் பரப்பே ஏறத்தாழ 620! ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகின் நுனியைத் தீய்க்கிறார்கள். முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவற்குஞ்சுகளால் அத்தொழிலுக்குப் பயனில்லை. பெரும்பாலும் பிறந்த அன்றே அவை அழிக்கப்படுகின்றன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் பழமொழி. பொரிப்பகத்தில் பிறக்கும் இக்குஞ்சுகளுக்கோ மிதிப்பதற்கும் தாய் இல்லை.

வளர்க்கும் விவசாயியைப் பழிப்பது நேர்மையாகாது. ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துக்குச் சொந்தம். கொட்டகையும் உழைப்பும் விவசாயிக்குச் சொந்தம். கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் பெறுவது வளர்ப்புக் கூலி மட்டுமே. அக்கூலியை உயர்த்தக் கோரி அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். கோழியை வெறும் எடையாகக் காணும் கண்ணுக்கு, அதை வளர்ப்பவரும் ஒரு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறார்.

நமக்குச் சொல்லப்படும் மறுமொழிகள் இரண்டு. முதலாவது, புலாலை அடியோடு விட்டுவிடுங்கள் என்பது. வள்ளுவருக்குக் கோயில் கண்ட மயிலாப்பூரின் அண்டையில் வாழும் நாம் இக்குரலை மதிக்கிறோம். வாங்குவோர் இருப்பதால்தான் விற்போரும் இருக்கிறார் என்று அப்பெரியார் முன்வைத்த வாதத்திலிருந்து உண்பவர் எவரும் தப்ப முடியாது. ஆனால் புலால் மறுப்பு சில வேளைகளில் கருணையின் உடையில் வரும் பெருமிதமாகிவிடுகிறது. 2003இல், விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு கடுமையாகச் செயற்படுத்த முற்பட்டது. எதிர்ப்பின் விளைவாக 2004இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. நேர்ந்துவிட்ட சேவலைப் பேணி வளர்த்து, தெய்வத்தின் முன் அறுத்து, ஊரோடு பகிர்ந்து உண்ட எளிய மக்கள் கொடியவராகக் கருதப்பட்டனர். கொட்டகைகளையும் கூண்டுகளையும் நோக்கி அப்போது எவரும் விரல் நீட்டவில்லை.

இரண்டாவது மறுமொழி எடையுள்ளது: மலிவான முட்டையும் கறியும் ஏழையின் உணவல்லவா? ஆம். 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. நாமக்கல் இன்றி இது எளிதில் நிகழ்ந்திராது. அக்குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்பவன் மனிதனல்லன். ஆனால் ஏழைக் குழந்தையைக் கேடயமாகப் பிடித்து அதன் பின்னால் ஒளிவது யார்? திருமண மண்டபத்தில் மூன்று வகைக் கறி பரிமாறி, பாதியை இலையோடு எறிபவர் அல்லவா? தெரிந்தெடுக்கும் வசதியுள்ளவரே முதலில் பொறுப்பேற்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. உயிரினம் ஓரளவேனும் அசைய இடமில்லாத கூண்டில் அதை அடைப்பதை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றமெனவே கூறுகிறது. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையில் கோழி வளர்ப்புக்குத் தனி விதிகள் தேவையெனப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடைசெய்தது. மனிதருக்குக் கடைசி மருந்தாகக் காக்க வேண்டிய கொலிஸ்டினைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கொடுப்பதை நம் நடுவண் அரசு 2019இல் தடுத்தது. நெருக்கி அடைத்து வளர்த்து, நோய்க்கு அஞ்சி மருந்தைக் கொட்டினால், அது இறுதியில் நம் மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து சேரும்.

திருநூல் இதைப்பற்றி மௌனம் காக்கவில்லை. நோவாவுக்கு ஊன் உண்ண இசைவு தந்த ஆண்டவர், குருதியை உண்ணலாகாது என்று அதே மூச்சில் எல்லை வகுத்தார். உயிர் உன்னுடையதன்று என்பதே அதன் பொருள். கூட்டில் தாயையும் குஞ்சையும் ஒருங்கே எடுக்காதே என்று இணைச்சட்டம் தடுக்கிறது. எருசலேமை நினைத்து வருந்திய இயேசு தம் அன்புக்கு உவமையாகக் கழுகையோ சிங்கத்தையோ தேடவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் கோழியைக் காட்டினார். சிறகு விரிக்க இடமில்லாத கூண்டை நியாயப்படுத்திவிட்டு அந்த உவமையை நாம் எந்த முகத்தோடு வாசிப்பது?

ஆகவே நம் பங்குகளின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். திருவிழா விருந்தானாலும் முதல் நற்கருணை விருந்தானாலும், கோழி எங்கிருந்து வருகிறது என்று சமையற்காரரைக் கேட்க வேண்டும். நாட்டுக்கோழி என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. கலப்பினத்தை அடைத்து வளர்த்து அப்பெயரில் விற்போரும் உண்டு. 2002இல் நம் உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் சிற்றூர்களில், கொல்லையில் கோழி வளர்க்கும் பெண்களிடம் நேரே வாங்க முயலலாம். விலை இரு மடங்கானால் அளவைப் பாதியாக்குவோம். பருப்பும் காயும் குறையை நிரப்பும். இலையில் எறிவதை அறவே நிறுத்துவோம். உணவுக்கு முன் நன்றி சொல்லும் நாம், எந்த உயிருக்காக நன்றி சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். வரும் உயிர்ப்புப் பெருவிழா விருந்திலிருந்தே இதைத் தொடங்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.