கொலஸ்ட்ரோல் சரி, இதயம்?

சிறுநீரக நோய் என்றதும் நம்மவர் மனதில் எழுவது டயலிசிஸ் இயந்திரமே. ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலர் அந்த நிலையை எட்டு முன்னரே இதய நோய்க்குப் பலியாகின்றனர். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து புளியந்தீவுக்கு வைத்தியம் தேடி வருவோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இந்நோயில் கொழுப்பின் கணக்கு வேறு. ட்ரைகிளிசரைட் உயரும், நல்ல கொலஸ்ட்ரோல் குறையும், கெட்ட கொலஸ்ட்ரோலோ பெரும்பாலும் வழமையான அளவிலேயே நிற்கும். அறிக்கையில் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைவது ஆபத்தானது.

9,000 பேருக்கு மேல் பங்கேற்ற 'ஷார்ப்' ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. கொழுப்பைக் குறைக்கும் குளிசைகளால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. 50 வதைத் தொட்ட, டயலிசிஸ் தொடங்காத நோயாளருக்குக் கொலஸ்ட்ரோல் அளவு எதுவாயினும் ஸ்டாட்டின் வழங்கப் பரிந்துரைத்தது 2013ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. டயலிசிஸ் தொடங்கிய பின்னர் புதிதாக ஆரம்பிப்பதால் பெரும் பயன் கிட்டுவதில்லை.

ஆகவே காலந்தாழ்த்தலாகாது. கேள்வி கேட்டால் வைத்தியர் கோபிப்பார் என்ற தயக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அதை விடுங்கள். கிரியாற்றினின் அளவைக் கேட்கும்போதே, "என் இதயத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்றும் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை.